வெள்ளிக்கிழமை மூடிய கடைகள்

மேல்விஷாரத்தில் குண்டாஸ் சட்டம் தெரியாதவர் யாரும் இல்லை. தன் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் அது நல்ல சட்டம் என்றுதான் பொன்மலரும் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேவகியின் கழுத்திலிருந்து சரட்டை அறுத்துக்கொண்டு போனவனை அந்தச் சட்டத்தில்தான் உள்ளே போட்டார்கள். ஒரு வருஷம் வெளியே வர முடியாது என்று கேள்விப்பட்டபோது, ஷூ கம்பெனியில் தேவகியோடு ஒரே மேஜையில் நின்று வேலை பார்க்கிற பொன்மலரும் சேர்ந்துதான் சந்தோஷப்பட்டாள். அவன்மேல் விசாரணை நடந்ததா, நிஜமாகவே அறுத்தது அவன்தானா என்றெல்லாம் அப்போது யார் கேட்டார்கள்?

இப்போது அதே சட்டத்தில் அவள் புருஷன் இன்பராஜ் வேலூர் மத்திய சிறையில் இருக்கிறான்.

இன்பராஜ் சாது என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பொன்மலர் சொல்லவே மாட்டாள். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வருகிற தோலின் ஓரங்களை அறுக்கிற வேலை அவனுக்கு. இருபது வருஷமாக அந்த வேலையைச் செய்து விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்துப்போயிருந்தன. கை வெந்தாலும் வாய் வேகவில்லை. தொட்டி கழுவ இறங்கிய இரண்டு பேர் மூச்சு முட்டிச் செத்தபோது ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை நிறுத்தினான். அது ஒரு கேஸ். ஒயின்ஷாப்பில் எவனோ எதையோ சொன்னான் என்று அவன் மூக்கை உடைத்தான். அது இன்னொரு கேஸ். அந்த மூக்குக்காகப் பொன்மலர் பத்து நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாவது கேஸ் பிப்ரவரி பதினாறாம் தேதி நடந்தது. டேனரிக் கழிவை ஏற்றிக்கொண்டு ஒரு டேங்கர் லாரி வந்து, பஜார் கோடியில் ஏரிக் கால்வாய்க்குள் பைப்பை விட்டது. அந்தக் கால்வாயை ஒட்டித்தான் அவர்கள் தெரு. போர் தண்ணீர் பழுப்பாகி, அதில் துவைத்த வெள்ளைச் சட்டையை எந்த விளம்பரச் சோப்பாலும் மீட்க முடியாத நிலை. இன்பராஜ் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய் லாரியை மறித்தான். டிரைவர் பைப்பை எடுக்கவில்லை. இடுப்பில் இருந்த தோல் அறுக்கிற கத்தியை எடுத்து இன்பராஜ் பைப்பை அறுத்துவிட்டான். கழிவெல்லாம் டிரைவர்மேல் கொட்டியது. அறுத்தது நிஜம், கத்தி நிஜம், கொட்டியது நிஜம். ஆனால் போலீஸ் எழுதியதோ கொலை முயற்சி.

ஜாமீன் மனு விசாரணைக்கு வரவிருந்த திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் கலெக்டரின் உத்தரவு ஜெயிலுக்குப் போனது. ஜாமீன் கிடைத்தாலும் பயனில்லை, பன்னிரண்டு மாதம் விசாரணையில்லாமல் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

உத்தரவோடு, அதற்கான காரணங்களும் ஆதாரங்களும் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகத்தை இன்பராஜிடம் கொடுத்திருந்தார்கள். ஆற்காட்டு வக்கீல் அருணகிரி அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து பொன்மலரிடம் கொடுத்தார். நல்ல மனுஷன். இந்த மாதிரி உத்தரவுகளை ஹைகோர்ட்டில் உடைத்து உடைத்துக் கை பழகியவர்.

"கவலப்படாதீங்கம்மா. நூத்தி எண்பத்தேழாம் பக்கம் பாருங்க, ஒரே கறுப்பு. ஒரு எழுத்து படிக்க முடியல. உள்ள இருக்கறவருக்குப் படிக்க முடியாத பக்கத்த குடுத்தா ஆர்டரே நிக்காது. ஆட்கொணர்வு மனு போடறோம், ஆர்டர ரத்து பண்ணிடுவாங்க."

"எத்தினி நாளு ஆவும் சார்?"

"ஆறு மாசம். கூட்டம் ஜாஸ்தியா இருந்தா எட்டு."

"கறுப்பு பக்கத்தால வெளிய வந்தா, எம் புருஷன் தப்பு செஞ்சவன், ஜெராக்ஸ் மெஷின் காப்பாத்திச்சுன்னுதான சார் ஊரு சொல்லும்?"

அருணகிரி சிரித்தார். "ஊரு சொல்றத கோர்ட்டு கேக்காதும்மா. கலெக்டர் நெனச்சது சரியா தப்பான்னுகூட கோர்ட்டு உள்ள போயி பாக்காது. முறையா செஞ்சாங்களான்னுதான் பாக்கும்."

"அப்ப சரியா தப்பான்னு யாருதான் பாப்பாங்க?"

"அட்வைசரி போர்டுன்னு ஒண்ணு இருக்கு. சென்னைல. ரிட்டயர்டு ஜட்ஜு உக்காருவாரு. அங்க வக்கீல் பேசக் கூடாது. சொந்தக்காரங்க பேசலாம். ஆனா நூத்துக்குத் தொண்ணூறு அங்க ஒண்ணும் நடக்காது. போயி, பொண்ணு ஸ்கூல் படிக்குதுன்னு சொல்லி கொஞ்சம் அழுதுட்டு வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அழுவதற்கு சென்னை வரைக்கும் ரயில் டிக்கெட் எடுப்பானேன், அதை வீட்டிலேயே செய்யலாமே என்று நினைத்தபடி பொன்மலர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பொன்மலருக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஷூ மேல்பாகத்தை டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, தோலில் உண்ணி கடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டினால் மட்டும் போதாது, என்ன குறை என்று அட்டையில் எழுதவும் வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி. பதினோரு வருஷத்தில் அவள் கண்ணைத் தாண்டிப் போன குறைகள் கம்மி. அதே ஸ்டிக்கரில் ஒரு தாளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த கையோடு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பார்த்தாள். நல்லவன் என்று ஒரு வரி எழுதிக் கேட்டதற்கு பாஸ்டர் ஐயா, "ஜெபிச்சுக்கறேன்மா" என்றதோடு சரி. ஜெபத்துக்குக் கையெழுத்து தேவையில்லை பாருங்கள்.

உத்தரவின் முதுகெலும்பே ஒரு பத்திதான். இன்பராஜ் பட்டப்பகலில் மதியம் ஒன்றேகால் மணிக்குக் கத்தியைக் காட்டி மிரட்டியதால் பொதுமக்கள் உயிருக்குப் பயந்து சிதறி ஓடினார்கள், வியாபாரிகள் அச்சத்தில் கடைகளை அடைத்தார்கள், பொது அமைதி குலைந்தது என்று அது சொன்னது. ஒருவன் இன்னொருவனை மிரட்டினால் அது வெறும் வழக்கு, ஊரே பயந்து கதவைச் சாத்தினால்தான் குண்டாஸ் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்குச் சாட்சியாக இருநூற்று மூன்றாம் பக்கத்தில் ஒரு போட்டோ. பஜார் முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஒரு ஆள் இல்லை.

பொன்மலர் போட்டோவைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் ஜெயிலுக்குப் போன பிறகு முதல் சிரிப்பு. மகள் ஜெனிஃபா அடுப்படியிலிருந்து பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டேனரிக்கு வாரத்தில் அன்றுதான் லீவு, அதனால்தான் இன்பராஜ் வீட்டில் இருந்தான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்காக அந்த பஜார் மொத்தமும் மூடும். இரண்டரைக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் அங்கே ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது, ஒரு டீ குடிக்க முடியாது. யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால்தான் லாரியே அந்த நேரம் பார்த்து வருகிறது. கேஸ் எழுதிய இன்ஸ்பெக்டர் இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம். தெக்கத்திக்காரர். மூடிக் கிடந்த கடைகளைப் பார்த்ததும் அவருக்குப் பொது அமைதி குலைந்தது தெரிந்துவிட்டது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் மட்டும் ஏழு அம்பு ஒட்டினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தேவகியிடம் சொன்னாள். தேவகி தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, சங்கடமும் இருந்தது.

"நீ ஜெயிக்கணும் மலரு. ஆனா இந்த சட்டமே தப்புன்னு மட்டும் சொல்லாத. அவன உள்ள போட்ட அப்புறம்தான் நா சந்துல தைரியமா நடந்தேன்."

"கேஸ் நடத்தி உள்ள போடட்டுமே. யாரு வேணான்னாங்க?"

"கேஸு பத்து வருஷம் நடக்கும். அது வரைக்கும் நா கழுத்த மூடிகினு போறதா?"

தேவகியின் கழுத்தில் சரடு அறுத்த தழும்பு இன்னும் இருந்தது. பொன்மலர் சோற்றை நாலு வாய் மென்ற பிறகுதான் பேசினாள்.

"கோர்ட்டு லேட்டுன்னா கோர்ட்ட சீக்கிரம் நடத்தச் சொல்லணும் தேவகி. அதுக்காக ஆள கேக்காம கொள்ளாம பூட்டறதா? ஒரு ஷூவ ரிஜெக்ட் பண்ணாகூட நம்மகிட்ட காரணம் கேக்கறான், திருப்பிப் பாக்கறான். மனுசனுக்கு அதுகூட இல்லியா?"

"சரடு அறுத்தவனுக்கும் அதேதான்னு சொல்றியா?"

"ஆமா. அவனுக்கும்தான்."

தேவகி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். சாயந்திரம் வரைக்கும் பேசவில்லை. சாயந்திரம் தானாகவே, "போர்டு எப்போ? உன் டார்கெட்டையும் சேத்து நா முடிக்கறேன், லீவு சொல்லு" என்றாள்.

வியாபாரிகள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கதை முடிந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பொன்மலர் இஷ்தியாக் அகமதின் பிரியாணிக் கடைக்குப் போனாள். பஜார் வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் அவர்தான். தேக்சாவின் தம்மை அப்போதுதான் உடைத்திருந்தார்கள். ஆவியில் கடையே மறைந்திருந்தது. அவர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம கடைதான். ஜும்மா நேரம். இதுல இன்னா சந்தேகம்?"

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க பாய்."

அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். கையைத் துண்டில் துடைத்தார்.

"கையெழுத்து மட்டும் கேக்காதம்மா. போலீஸ் எழுதனது பொய்யின்னு ஒரு பாய் கையெழுத்து போட்டா, அது எங்க போயி எப்பிடி திரும்பும்னு எனக்குத்தான் தெரியும். எனக்கு ரெண்டு பசங்க. நாளைக்கு பைக்க நிறுத்தி பேரு கேட்டா நா இன்னா பண்றது?"

"அதான் பாய், இன்னிக்கி எம் புருஷன். நாளைக்கு..."

"புரியுதும்மா. புரியறதாலதான் பயம்." அவர் பையனைக் கூப்பிட்டு ஒரு பார்சல் கட்டச் சொன்னார். "பொண்ணுக்கு எடுத்துகினு போ. கத்திரிக்கா ஜாஸ்தி வெச்சிருக்குது."

கோபமாக வந்தது பொன்மலருக்கு. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் கோபமாக வந்தது. பார்சலை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். வாசனை பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தது.

ஏப்ரல் வெயில் பல்லைக் காட்டத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, வாலாஜா ரோடில் விடியற்காலை ரயிலேறி சென்னைக்குப் போனாள். போர்டு கூடியது மாடியில் ஒரு பழைய ஹாலில். வராந்தா முழுக்க அவளைப்போலப் பெண்கள், கையில் பை, பையில் காகிதம். உள்ளே போனவர்கள் மூன்று நிமிஷத்தில் வெளியே வந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ரிட்டயர்டு ஜட்ஜ். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஃபைலோடு நின்றார். எதிர்ப்புறம் இரண்டு காவலருக்கு நடுவே இன்பராஜ். தாடி வளர்ந்திருந்தது. விரல்கள் மட்டும் இரண்டு மாதம் சுண்ணாம்பு படாமல் பழைய நிறத்துக்கு வந்திருந்தன.

"குழந்தைங்க எத்தனை பேர்மா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். குரலில் இரக்கம் இருந்தது.

"ஒரு பொண்ணு சார். ஒம்பதாவது படிக்குது."

"சரி. பரிசீலிக்கறோம். போயிட்டு வாங்க."

"சார், நா இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பொன்மலர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓரமெல்லாம் சிவப்பு அம்புகள்.

"இது என்னம்மா?"

"ஃபால்ட்டு சார். நா ஷூ கம்பெனில செக்கர். குறை இருக்கற எடத்துல ஒட்டுவோம். எல்லாத்தையும் பாக்க உங்களுக்கு நேரம் இருக்காது. எரநூத்தி மூணாம் பக்கம் மட்டும் பாருங்க."

அவர் பார்த்தார்.

"கடைக்காரங்க பயந்து கடைய மூடினாங்கன்னு எழுதியிருக்குது. அன்னிக்கி வெள்ளிக்கிழம சார். மேல்விஷாரம் பஜாரு வெள்ளிக்கிழம பன்னெண்டரைக்கு தொழுகைக்கு மூடும். எனக்கு கல்யாணம் ஆயி பதினாறு வருஷம். ஒரு வெள்ளிக்கிழமகூட தவறினதில்ல. மழ வெள்ளத்துலயும் மூடினாங்க. எம் புருஷன் ஊர்ல இல்லாத வாரத்துலயும் மூடினாங்க."

ஓரத்தில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். ஜட்ஜ் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமையா அது?"

"ஐயா... வெள்ளிதான் ஐயா. பயத்துலயும் மூடியிருக்கலாம் ஐயா."

"பயப்படறதுக்குக் கடையில ஆளே இல்ல சார். எல்லாரும் மசூதில இருந்தாங்க."

மூன்றாமவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "இதைக் கடைக்காரங்க யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல சார். பயப்படறாங்க. எம் புருஷனுக்கு இல்ல."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"பைப்ப அறுத்தாரு சார், அது தப்புன்னா தண்டன குடுங்க. சாட்சிய கூப்புடுங்க, கேளுங்க, மூணு வருஷம்னாலும் கட்டிகினு அழறோம். கேக்காமலே உள்ள வெக்கறதுதான் முடியல சார்."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ரொம்ப மெதுவாக, கை கொடுத்துத் தூக்கிவிடுகிற குரலில் கேட்டார்.

"வெளிய விட்டா இனிமே இந்த லாரி விவகாரத்துக்குப் போக மாட்டாருன்னு நீங்க சொல்லுவீங்களாம்மா?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'மாட்டாரு சார்' என்றால் ஒருவேளை கதவு திறக்கும். எத்தனை ராத்திரி அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள், உனக்கு எதுக்குய்யா ஊர் வம்பு என்று! இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சொல்லிவிடு என்பதுபோல இருந்தது அந்த நிற்பு. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. இருபது வருஷம் யாருக்கும் குனியாத தலை.

"லாரி வந்தா நிறுத்துவாரு சார்," என்றாள் பொன்மலர். "அவரு உள்ள இருந்தா நா நிறுத்துவேன்."

படிக்கட்டில் இறங்கும்போது காவலர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினார். இன்பராஜ் அவளை முறைத்தான்.

"இன்னாடி இப்டி சொல்லிட்ட? ஒரு வார்த்த மாத்தி சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"ஆமாய்யா, கொறஞ்சுதான் போயிடுவேன். நீயும்தான். நேரத்துக்கு சாப்புடு."

அவன் முறைப்பு அப்படியே சிரிப்பாக மாறியது. வேனில் ஏறும் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

பதினைந்து நாளில் அரசாங்கக் கடிதம் வந்தது. காவலில் வைக்கப் போதுமான காரணம் இருப்பதாகப் போர்டு கருதுவதால், உத்தரவு பன்னிரண்டு மாதத்துக்கு உறுதி செய்யப்படுகிறதாம். காரணம் என்னவென்று எழுதவில்லை. பழைய பத்தி மட்டும் வார்த்தை மாறாமல் இருந்தது, வியாபாரிகள் அச்சத்தில் கடைகளை அடைத்தார்கள் என்று. அருணகிரி போனில், "நான்தான் சொன்னேனேம்மா" என்றார். பொன்மலர் அன்று ஒரு பொழுது முழுக்க அழுதாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாமோ என்றுகூட அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஜாருக்குப் போனாள்.

இஷ்தியாக் அகமது கல்லாவிலிருந்து பார்த்தார். "உக்காரும்மா. கேட்டேன், மனசுக்கு கஷ்டமா போச்சு."

"கையெழுத்து கேக்க வரல பாய். உங்களப் பத்தி கவர்மெண்டு எழுதியிருக்குது, படிச்சு காட்டிட்டு போலாம்னு வந்தேன்." நின்றபடியே படித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படி படித்தாள். "பிப்ரவரி பதினாறு, மதியம் ஒண்ணேகாலுக்கு, பஜார் வியாபாரிங்க எல்லாரும் இன்பராஜுக்குப் பயந்து கடைய அடைச்சாங்க. இது இனிமே கவர்மெண்டு ரெக்கார்டு பாய். அம்பது வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துப் படிச்சாலும், அன்னிக்கி ஜும்மான்னு இருக்காது. நீங்க எம் புருஷனுக்குப் பயந்து ஷட்டர இறக்கினீங்கன்னுதான் இருக்கும்."

காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இஷ்தியாக் அகமதின் காது சிவந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் ஹைகோர்ட் மனுவில் கையெழுத்துப் போட அருணகிரியின் ஆபீசுக்கு வந்தாள். முதல் காரணமாக நூற்று எண்பத்தேழாம் பக்கத்தை எழுதியிருந்தார் அவர். அந்த நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். இஷ்தியாக் அகமது மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னாலேயே மளிகைக்கடைக்காரர், செருப்புக்கடைக்காரர், அத்தர் விற்கிறவர், சைக்கிள்கடைக்காரர் என்று அவரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். ஆபீசில் நிற்க இடமில்லாமல் பாதிப் பேர் படியிலேயே நின்றார்கள்.

"வக்கீல் சாப், பயம் போயிடிச்சுன்னு நெனைக்காதீங்க. பயம் அப்பிடியேதான் இருக்குது," என்றார் இஷ்தியாக் அகமது. "ஆனா என் அப்பா, அவரு அப்பா, எல்லாரும் மூடின கடை இது. எழுதுங்க. எங்க பஜாரு வெள்ளிக்கிழம மூடறது அல்லாவுக்கு மட்டும்தான். போலீசுக்கும் மூட மாட்டோம், ரவுடிக்கும் மூட மாட்டோம்."

"எம் புருஷன் ரவுடி இல்ல பாய்," என்றாள் பொன்மலர்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பி விரலால் மேஜையைத் தட்டினார்.

"அதையும் எழுதுங்க சாப். பத்தொம்பது பேரும் கையெழுத்து போடறோம்."